முன்னால் ஓடிய பெட்டி

மேற்கு மாம்பலம் சர்வீஸ் கடையை விட்டு நான் வந்த பிறகு சேர்ந்தவர்கள் நீங்கள். அதனால் என்னிடம் திட்டு வாங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காமலே போய்விட்டது. அந்தக் குறை தீரட்டும் என்றுதான் முதலாளி என்னை இதை எழுதச் சொன்னார் போலிருக்கிறது. ஸ்டெல்லா என்றால் கடையின் பழைய ஆட்களுக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்தில் மீன்காரர் வீட்டுப் பெண். டிப்ளமா முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்தே தலை நரைத்தவள்.

எதை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் கைப்பேசியிலேயே ஆயிரம் வீடியோ இருக்கிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அது பிறவியிலேயே வந்த குணம். கூடையைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனால், மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் நான். அதற்காக வாங்கிய அடி கொஞ்சமில்லை. ஆனால் அந்தக் குணம்தான் வேலையில் எனக்குச் சோறு போட்டது. பெட்டிகள் பேசும். என்ன, அவசரக்காரன் காதில் அது விழாது.

அபிராமபுரத்தில் வைதேகி மாமி வீடு என்று ஒன்று உண்டு. பழைய அடுக்குமாடி, முதல் மாடி, ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு மாமரம். மாமி பாட்டு சொல்லிக் கொடுப்பவர். அவர் கணவர் ராமபத்ரன் சார் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அந்த மகனுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள். புது லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்று அவன் வெளிநாட்டில் இருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தான். மாமி அசையவில்லை.

காரணம் ஒரு தம்பூரா. மாமிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த அம்மையார் காலமான பிறகு அவருடைய தம்பூராவை மகள் கடல் தாண்டி எடுத்துப் போய்விட்டாள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் அதை மாமியை மீட்டச் சொல்லி, மைக் வைத்து, அந்தக் கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தான் மகன். அன்றிலிருந்து மாமி காலையில் சாதகம் பண்ணுவது அந்தப் பதிவோடுதான். கைப்பேசியில் போட்டால் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். அந்தப் பெட்டியும் அதோடு வந்த மரப் பெட்டி ஸ்பீக்கர்களும்தான் வேண்டும். அந்த மூலையில் யாரும் கை வைக்கக் கூடாது, முக்கியமாக சார் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. மிக்ஸியைச் சரிபண்ணுகிறேன் என்று பிரித்து, கடைசியில் அதை ஒரு பையில் போட்டு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போக வைத்தவர் அவர்.

சார்தான் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் மணி தப்பாகக் காட்டுகிறது, உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், மாற்றிவிட்டுப் போங்கள் என்றார். உங்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் பேட்டரியோடு கிளம்பியிருப்பீர்கள். மணி எப்படித் தப்பாகிறது என்று கேட்டேன். காலையில் சரியாக இருக்கிறது, மத்தியானத்துக்குள் முன்னால் ஓடிவிடுகிறது என்றார். பேட்டரி சோர்ந்தால் கடிகாரம் பின்தங்கும். சோர்ந்துபோன எதுவும் முன்னால் ஓடி நான் பார்த்ததில்லை.

நான் போனபோது மாமி சாதகத்தில் இருந்தார். முடியும் வரை உட்காரச் சொல்லி சார் மின்விசிறியைப் போட்டார். பங்குனி வெயில். மாமர இலைகளின் நிழல் தரையில் அசைந்துகொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து தம்பூரா வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டால் மணி என்ன, கிழமை என்ன என்றே தெரியாது. கண் சொக்கியது. எங்கள் பக்கத்தில் அலை ஓய்ந்த மத்தியானங்களில் கட்டுமரத்து நிழலில் படுத்தால் இப்படித்தான் இருக்கும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

அந்த மயக்கத்திலும் ஒன்று உறுத்தியது. மாமியின் குரல் படிப்படியாக மேலே ஏறும். ஓர் இடத்துக்குப் போனதும் அறுந்துவிடும். கொஞ்சம் இருமல், கொஞ்சம் மௌனம். மறுபடி ஏறும், அதே இடத்தில் அறுந்துவிடும். அந்த வீட்டில் பல வருஷமாக அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். மேலே போனால் அங்கேயே உட்கார்ந்து ஊர் பார்க்கிற குரல் அது. இன்றைக்கு ஏறுவதே பெரும்பாடாக இருந்தது.

சாதகம் பாதியில் நின்றது. மாமி வெளியே வந்து, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரித்தார். கண் சிவந்திருந்தது. காபி போட சமையலறைக்குப் போனவர் பின்னால் நானும் போனேன். சும்மா கேட்டேன், தொண்டைக்கு என்ன என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வயசாயிடுத்து ஸ்டெல்லா. அவ்வளவுதான். மேல் பஞ்சமத்துல முன்னெல்லாம் போய் நிப்பேன். அப்புறம் தொட்டுட்டு வந்துடுவேன். இப்போ அங்க போகவே முடியலை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா போயிண்டே இருக்கு."

அடையாறில் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்றாம். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமே இல்லை, ஆவி பிடியுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். ஒன்றுமில்லை என்றால் அது வயதுதானே என்றார் மாமி. மகன் படிப்பு, மாமியார் படுக்கை என்று வருஷக்கணக்காக மேடையை விட்டுத் தள்ளியே இருந்தவர். இப்போதுதான் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் முழுக் கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சித்திரை பிறந்ததும் கச்சேரி. நான் போன அன்று மத்தியானமே அரங்கத்துக் காரியதரிசி ஃபோன் செய்யப் போகிறார், முடியாது என்று சொல்லிவிடுவதாக மாமி முடிவு செய்திருந்தார். பக்கவாத்தியக்காரர்களுக்கும் இன்றைக்கே சொன்னால்தானே அவர்கள் வேறு வேலை பார்க்க முடியும் என்றார்.

சுருதி கூடிப் போயிருக்குமோ என்று கேட்டேன். எனக்குப் பாட்டு தெரியாது. சர்ச்சில் மற்றவர்களோடு சேர்ந்து பாடுவேன், அவ்வளவுதான். மாமி தலையாட்டினார். "சுருதிப் பெட்டியா இருந்தா ஏத்திட்டேனோன்னு பார்க்கலாம். இது ரெக்கார்டிங். அம்மா தம்பூரா. அது மாறுமா? மாறினது நான்தான்." காபியைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். அப்போதும் பெட்டியைத் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விசிறி ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. மேல் தகட்டில் கை வைத்தால் சுட்டது. சும்மா தம்பூரா போட்டதற்கு ஏன் இந்தப் பாடு? அணைத்துத் திரும்பப் போட்டு, ஆரம்பத்தில் வரும் அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். பிராசஸரின் வேகம் அதற்கு விதித்த அளவைத் தாண்டியிருந்தது. ஓவர்கிளாக். விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் செய்கிற வேலை. இந்த வீட்டில் யார்?

திரும்பிப் பார்த்தேன். சார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பரீட்சைப் பேப்பர் கையில் வந்த பையன் முகம். மெதுவாக அருகில் வந்து, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். பேத்தியோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால் படம் உறைந்து உறைந்து நிற்கிறதாம். மாமி ஒருநாள் அலுத்துப்போய் எழுந்துவிட்டாராம். அதைப் பார்க்கச் சகிக்காமல், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு வேகத்தை ஏற்றினாராம். படம் இப்போது நிற்பதில்லை. ரிட்டயரான பிறகு இந்த வீட்டில் தன்னால் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்றபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஒரேயடியா ஏத்தக் கூடாதுன்னு எல்லா வீடியோலயும் சொல்றான். அதான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். ரொம்ப ஜாக்கிரதையாத்தான் பண்ணினேன், ஸ்டெல்லாம்மா."

வாரா வாரம். கொஞ்சம் கொஞ்சமாக. அதே வார்த்தையைச் சற்று முன்புதான் சமையலறையில் கேட்டிருந்தேன். 

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியின் போர்டில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்துதான் துடிப்பு போகும். பிராசஸர் வேகமாக ஓடட்டும் என்று அந்தத் துடிப்பை ஏற்றினால் கடிகாரமும் சேர்ந்து ஓடும் (மறுநாள் காலையில் போடும்போதுதான் பேட்டரிக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்), பதிவான சத்தம் வெளியே வரும் வேகமும் கூடும். வேகம் கூடினால் சுருதி ஏறும். எல்லாப் போர்டுகளும் இப்படி இல்லை. இது இப்படி. மாமியின் காலடியில் தரை வாரா வாரம் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனது. மாமி தரையைச் சந்தேகிக்கவில்லை. காலைச் சந்தேகித்தார். ஒரே நாளில் ஏற்றியிருந்தால் அந்தக் காதுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். சார் ஜாக்கிரதையாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

சாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் மாமிக்கு விடியற்காலையில் எழுந்து வெந்நீர் வைத்து, மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். டாக்டரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போனவரும் அவர்தான். பிறகு சொன்னார்: "சத்தமில்லாம பழையபடி வெச்சுடுங்கோ. நாளைக்குத் தொண்டை தானா சரியாயிடும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேலை என்று பார்த்தால் அது இரண்டு பொத்தான் அழுத்துகிற விஷயம். அழுத்திவிட்டு, பேட்டரி மாற்றினேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மாமிக்குக் குரல் திரும்ப வரும். சாருக்கு மானம் போகாது. எல்லாருக்கும் நல்லது. என் கைகூட விசைப்பலகைக்குப் போய்விட்டது.

ஆனால் நாளைக் காலை மாமி என்ன நினைப்பார்? போன குரல் வந்துவிட்டது என்று நினைப்பார். சந்தோஷப்படுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும், இன்றைக்கு இருக்கிறதா, போய்விட்டதா என்று பயந்து பயந்துதான் வாயைத் திறப்பார். தானாக வந்தது தானாகவே போய்விடலாம் இல்லையா? பெட்டியைச் சரிசெய்துவிட்டு அந்த பயத்தை மட்டும் அவர் தொண்டையிலேயே வைத்துவிட்டு வருவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அதிலும் இன்று மத்தியானம் ஃபோன் வந்துவிடும். கச்சேரி கையை விட்டுப் போய்விட்டால், நாளைக்கு வரும் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாரைக் கடிந்துகொள்ளவும் மனசு இல்லை. ஆசையாகச் செய்த காரியம். அதனால் ஒன்று மட்டும் கேட்டேன்.

"நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இலைகளின் நிழல் அவர் வேட்டியில் ஆடியது. அந்த அறையில் நாங்கள் இருவரும் ஒரு கனவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. யாராவது ஒருவர் அசைந்தால் கலைந்துவிடும். சார் அசைந்தார். எழுந்து சமையலறை வாசல் வரை போய் நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"வைதேகி, செத்த இங்க வா. கம்ப்யூட்டரை வேகமாக்கறேன்னு நான்தான் அதுல கை வெச்சேன். அதுல சுருதி ஏறிடுத்தாம்."

மாமிக்குப் புரியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். நான் விளக்கவில்லை. அதற்குள் அந்தத் தம்பூராப் பதிவை என் கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்தேன். முதலில் ஸ்பீக்கரில் போட்டேன். அது நிறைந்து வரும்போது கைப்பேசியிலும் அதையே போட்டு, மாமியின் காதருகே நீட்டினேன்.

இரண்டு தம்பூராவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முட்டிக்கொண்டன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஊங் ஊங் என்று அறையே அதிர்ந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது. மாமி கையை உயர்த்தினார். நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன். கைப்பேசியில் இருந்து தகரச் சத்தமாக, கீழே, அம்மையாரின் தம்பூரா மட்டும் வந்துகொண்டிருந்தது.

"உங்க தொண்டைல ஒண்ணும் இல்ல மாமி. பொட்டிலதான் கீது" என்றேன்.

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மெல்ல ஆரம்பித்தார். குரல் படியேறியது. வழக்கமாக அறும் இடம் வந்தது. நானும் சாரும் மூச்சு விடவில்லை. அந்த இடத்தைத் தாண்டி, மேல் பஞ்சமத்தில் போய் அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மாமியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, குரல் கலங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பாடி முடித்த பிறகு மாமி சாரைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் வேறு மாதிரி வந்தது.

"போயிடுத்து போயிடுத்துன்னு நான் அழுதுண்டே இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து வெந்நீர் ஆத்திக் கொடுத்துண்டே இருந்தேள்."

"தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் சார். அவர் குரல் உடைந்துவிட்டது.  நான் பெட்டியைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். விசிறியின் ஓட்டம் அடங்கியது. பேத்தியின் படம் இனி மறுபடி உறைந்து நிற்கும், அதற்குத் தனியாக ஒரு லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பூராவை இதிலேயே விட்டுவிடுங்கள் என்றேன். அந்தப் பதிவுக்கு ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்கவும் சொன்னேன்.

காரியதரிசியின் ஃபோன் வந்தது. மாமி எடுத்தார். வருவதாகச் சொன்னார். பக்கவாத்தியம் யார் யார் என்று பேசினார்கள். தம்பூராவுக்கு யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாமி சாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பூராவுக்கு எங்காத்துக்காரர் வரார்."

சார் அன்றைக்கு வெலவெலத்துப் போனார். அவருக்குத் தம்பூராவை எந்தப் பக்கம் தூக்கிப் பிடிப்பது என்றே தெரியாது. மாணவி ஒருத்தி வீட்டில் இருந்து தம்பூரா வந்தது. தந்தியை மீட்டலாம், சுருதி சேர்க்கும் முறுக்காணியைக் கனவிலும் தொடக் கூடாது என்று மாமி நிபந்தனை போட்டார். தினமும் சாயங்காலம் சார் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அசுர சாதகம் பண்ணியதை, லேப்டாப் அமைத்துக் கொடுக்கப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன்.

கச்சேரிக்கு நானும் போனேன். சின்ன அரங்கம். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்னைக் காட்டி யார் என்று விசாரித்தாள். மாமியின் கம்ப்யூட்டர் டாக்டர் என்று யாரோ சொன்னார்கள். மாமிக்குப் பின்னால் சார் பட்டுக் கரை வேட்டியில், தோளில் தம்பூராவைச் சாய்த்துக்கொண்டு, மாமியின் முதுகையே பார்த்தபடி மீட்டிக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

காம்போதி ஆலாபனை. மாமி அவசரப்படவில்லை. கீழேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே தேரடிப் பக்கத்து ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. பிறகு குரல் ஏற ஆரம்பித்தது. எனக்குப் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்காரத்தான் முடிந்தது. மேல் பஞ்சமத்தில் போய் நின்றார். வயலின்காரர் தலையை ஆட்டியபடி வில்லை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சார் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் விரல் நின்றுபோனது. மீட்ட மறந்துவிட்டார்.

தந்தியின் கடைசி அதிர்வும் அடங்கியது. அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் மாமியின் குரல் மட்டும் அந்த உயரத்தில் நின்றது. ஒரு இழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. மாமிக்கும் தெரிந்திருக்கும், சுருதி இல்லை என்று. அவர் திரும்பவில்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, சாரின் முழங்காலில் மெதுவாகத் தட்டினார்.

சார் திடுக்கிட்டு மீட்டினார். குரல் நின்ற இடத்திலேயே தந்தி வந்து சேர்ந்துகொண்டது.